துரைக்கு ஒழித்துக் கொடுத்த ஊர்

குந்து தம்பி. அந்தப் பாறையில இல்ல, அது வழுக்கும். இப்படி நெழல்ல வந்து குந்து. ஏறி வந்த மூச்சு அடங்கட்டும். தண்ணி வேணுமா? ஓடைத் தண்ணிதான், அள்ளிக் குடி. கூழு மட்டும் கேக்காத. இன்னைக்கு எங்க யாருகிட்டயும் கூழும் இல்ல, கஞ்சியும் இல்ல. நீ புதுத் தொரையோட எழுத்துக்காரன்தானே? முன்னால போயி சேதி சொல்லுன்னு அனுப்பிச்சிருக்கான். சரி, சொல்லிட்ட. நாங்களும் விடியறதுக்கு முன்னாடியே தயாராயிட்டோம்.

நீ, வா, போன்னு பேசறேன்னு கோவிச்சுக்காத. எங்க கடுக்காமலையில சாமிக்கும் நீதான், கட்டினவனுக்கும் நீதான். அதோ மரத்தடியில தலைப்பா கட்டிக்கிட்டு, வாயத் தொறக்காம குந்தியிருக்கான் பாரு, அவன்தான் ஊர்க்கவுண்டன். எம் புருசன். கவுண்டங்கற பேரு அவனுக்கு, வாய் எனக்கு. என் பேரு பூவாயி. நீ எதக் கேக்கறதா இருந்தாலும் என்னையே கேளு. அவனக் கேட்டா பொழுது சாஞ்சுடும்.

என்ன, விசாரணையா? போன தொரையும் விசாரணைன்னுதான் வந்தான். விசாரிக்கட்டுமே, யாரு வேணாங்கறா? ஆனா விசாரிக்க வந்தாலும் வேடிக்கை பாக்க வந்தாலும் மலையேறி வந்தவன் விருந்தாளிதானே? விருந்தாளிக்குன்னு ஒரு நடப்பு இருக்கா இல்லையா? நீயே சொல்லு.

உங்க கீழ்நாட்டுல எப்படி? பாய விரிப்பீங்க, சொம்புல தண்ணி குடுப்பீங்க, வாங்க வாங்கன்னு பல்லக் காட்டுவீங்க. அவ்வளவுதானே? எங்க மலையில பெரிய மனுசன் வந்தா ஊட்டையே ஒழிச்சுக் குடுப்போம். சட்டி, பானை, பாய், மொறம், உலக்கை, ஒண்ணு விடாம வெளிய எடுத்துடணும். தரைய சாணி போட்டு மெழுகணும். அடுப்புச் சாம்பல அள்ளித் தூரக் கொட்டிட்டு, செம்மண்ணு பூசி, யாருமே சோறாக்காத அடுப்பா ஆக்கி வைக்கணும். அப்புறம் ஆடு, கோழி, புள்ளகுட்டி எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டு ஓடைக்கு இந்தப் பக்கம் வந்துடணும். விருந்தாளி உள்ள போவான், அடுப்பு மூட்டுவான், கூரை மேல பொகை வரும். அந்தப் பொகையப் பாக்கற வரைக்கும் எங்க வாயில பச்சத்தண்ணிக்கு மேல எதுவும் எறங்காது. அப்புறம் அவன் வாசல்ல வந்து நின்னு, 'வாங்க, உங்க ஊடு'ம்பான். அப்படிச் சொல்லித் திருப்பிக் குடுக்கணும். நாங்க போவோம், ஒண்ணா ஆக்கி ஒண்ணாக் குந்தித் திம்போம். ஒருத்தன் தன் ஊட்ட முழுசா நம்பிக் குடுக்கறான். வாங்கினவன் முழுசாத் திருப்பிக் குடுக்கறான். இதுக்கு மேல ஒரு மரியாதை உண்டா உங்க நாட்டுல?

மாமன் மச்சான் வந்தா ஒரு ஊடு ஒழிச்சாப் போதும். பெரிய எடம்னா ஊரே ஒழியணும். எம் மாமனார் காலத்துல கீழேருந்து பாளையக்காரன் ஒருத்தன் வந்தானாம். ஊரே ஒழிச்சுக் குடுத்தாங்களாம். அவன் அடுப்பு மூட்டி, சாமைக் கஞ்சி வச்சுக் குடிச்சு, 'வாங்க, உங்க ஊடு'ன்னு வாய் நெறையக் கூப்பிட்டுட்டு, ஒரு காளக்கன்னையும் உட்டுட்டுப் போனானாம். பாளையக்காரனுக்குத் தெரிஞ்சது இந்த வெள்ளக்காரனுக்குத் தெரியலயே! கப்பல்ல வந்தானாம், கடல் தாண்டினானாம். என்னாத்துக்கு ஆவும்?

போன தொரை வந்தது சாமை அறுத்துப் போரடிச்சு முடிஞ்ச சமயம். மொதல்ல கணக்கன் அப்பாவு மேல வந்தான். மூக்கு மேல துண்டப் போட்டுக்கிட்டு, எங்க ஆட்டு நாத்தம் அவனுக்கு ஆவாதாம், தூர நின்னே பேசினான். 'கீழ்ச்சரிவுல காப்பிச்செடி வைக்கணும்னு ஒரு வெள்ளக்காரன் சர்க்காரக் கேட்டிருக்கான். நீங்க நெசமாவே இங்க குடியிருக்கீங்களா, இல்ல காட்டுல அலையற சனமான்னு தொரை கண்ணால பாக்கணுமாம். குடியிருந்தா பட்டா. இல்லன்னா எடம் சர்க்காருக்கு. மரியாதையா நடந்துக்குங்க' அப்படின்னான். கேட்டியா? மரியாதை! எங்களுக்கு! ஆட்ட மோந்து பாத்து மூக்கப் பொத்தறவன் எங்களுக்கு மரியாதை சொல்லிக் குடுக்க வந்துட்டான்.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். பொம்பளைங்கள எல்லாம் கூப்பிட்டேன். 'ஏண்டி, இதுவரைக்கும் வந்த விருந்தாளியெல்லாம் சும்மா. இவன்தான் நம்ம மண்ண நமக்கு எழுதிக் குடுக்கப் போறவன். ஒரு துரும்பு கெடக்கக் கூடாது. ஒரு ஊடு விடாம ஒழியணும்'னேன். அடடா, அன்னைக்கு எங்க ஊரப் பாத்திருக்கணும் நீ. சுவரெல்லாம் செம்மண்ணு. தரையெல்லாம் பச்சச் சாணி. நாங்க பொறந்து வளந்த ஊடான்னு எங்களுக்கே சந்தேகம் வந்துச்சு. யாரும் கால் வைக்காத ஊடு மாதிரி ஆக்கிட்டோம்.

தொரை வந்தான். செம்பட்ட மீச, கையில ஒரு கோலு. பின்னால நெலம் அளக்கற சங்கிலிக்காரனுங்க, அப்பாவு. ஓடைக்கு இந்தாண்ட நின்னு நாங்க பாக்கறோம். ஒவ்வொரு ஊடாக் குனிஞ்சு உள்ள போறான். அடுப்பக் கோலால குத்திப் பாக்கறான். தம்பி, அடுப்ப! கோலால! உங்க ஊர்ல ஒரு பொம்பளையோட அடுப்ப வேத்து ஆம்பள குச்சி வுட்டுக் குடைஞ்சா சும்மா இருப்பீங்களா? நாங்க இருந்தோம். விருந்தாளியாச்சே. குத்தினானே ஒழிய மூட்டல. ஒரு அடுப்பையும் மூட்டல. எல்லா ஊட்டுக்குள்ளயும் போனான், வந்தான், உதட்டப் பிதுக்கினான்.

அப்புறம் எங்ககிட்ட வந்தான். நாங்க இதே எடத்துலதான், மூட்ட முடிச்சு, பானை, ஆடு, பசிச்சு அழுவற புள்ளைங்க எல்லாத்தோடயும் குந்தியிருக்கோம். எம் புருசன முன்னால கூப்பிட்டான். அந்தாண்ட காட்டி, 'இந்த ஊடெல்லாம் யாருது?'ன்னு கேட்டான். ஒழிச்சுக் குடுத்த ஊட்ட என்னுதுன்னு சொன்னா நாக்கு அழுவிடாதா? 'உங்க ஊடு சாமி'ன்னான் எம் புருசன். 'அப்போ நீங்க எங்க இருக்கீங்க?' 'இங்கதாஞ் சாமி, ஓடக்கரையில.' 'எவ்வளவு நாளா?' 'காலையிலேருந்து சாமி.' 'இனி எங்க போவீங்க?' 'நீங்க எங்க போவச் சொல்றீங்களோ அங்க சாமி.' ஒரு வார்த்தை பொய்யில்ல தம்பி. எவ்வளவு பணிவாச் சொன்னான்! தொரை சிரிச்சான். அப்பாவு எழுதிக்கிட்டான். சிரிக்கறானே, சந்தோசமா இருக்கான், இப்போ போயி அடுப்பு மூட்டப் போறான்னு நானும் சிரிச்சேன்.

குதிரையில ஏறி மலைய வுட்டு எறங்கிப் போயிட்டான்.

பொகையும் இல்ல, 'வாங்க'ங்கற வார்த்தையும் இல்ல. திருப்பிக் குடுக்காத ஊட்டுக்குள்ள எப்படிப் போறது? அன்னைக்கு ராத்திரி பூரா இந்தக் கரையிலதான் பனியில கெடந்தோம். திரும்ப வருவான், மறந்துட்டுப் போயிட்டான், வருவான்னு ஆம்பளைங்க சொல்லிக்கிட்டே இருந்தானுங்க. மறுநாளு சொந்த ஊட்டுக்குள்ள திருடனுங்க மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனோம். எம் மாமியாளுக்கு அந்தப் பனியில புடிச்ச இருமல், அடுத்த மாசம் அவள வாரிக்கிட்டுப் போயிடுச்சு. சாவும்போதும் கேட்டா, 'தொரை ஊட்டத் திருப்பிக் குடுத்துட்டானாடி?'ன்னு. குடுத்துட்டான்னு பொய் சொல்லித்தான் அனுப்பினேன். எனக்கு வயிறு எரியுதா இல்லையா?

இரு, இரு. இன்னும் இருக்கு. எல்லாத்துக்கும் காரணம் யாருன்னு சொல்றேன். அதோ கடைசியில, புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, கண்ண ஒழுக்கிக்கிட்டு குந்தியிருக்காளே, வெள்ளச்சி. சடையன் பொண்டாட்டி. அவதான். அந்தத் தொரை வந்தப்ப அவ புள்ள பெத்து ஒரு வாரங்கூட ஆவல. 'எழுந்திருக்க முடியல அக்கா, புள்ளைக்கு சூடு வேணும், அடுப்ப அணைக்காத'ன்னு அழுதா. ஏன், நான் பெக்கலையா? பெத்த மூணாம் நாளு கேவுரு அறுக்கப் போனவ நான். ஆனா ஆம்பளைங்க பாவம் பாத்தானுங்க. எல்லாரும் ஒழிச்சோம். இவ மட்டும் சாம்பலும் கரியுமா அடுப்ப எரியவுட்டுக்கிட்டு, அழுக்குத் துணியும் சட்டியும் எறைஞ்சு கெடக்க, ஊட்டுக்குள்ளயே படுத்துக் கெடந்தா. விருந்தாளிக்கு ஒழிச்ச ஊர்ல! மானம் போவுதா இல்லையா? நீயே சொல்லு.

அப்புறம் தமுக்கு அடிச்சுச் சொன்னானுங்க, அப்பாவுதான் படிச்சான். இந்த எடத்துல யாரும் குடியில்லையாம். ஊடெல்லாம் காலியாம். அலையற சனம் ஓடக்கரையில தங்கியிருந்துச்சாம். அதனால கீழ்ச்சரிவு காப்பித் தொரைக்கு, மேல்காடு சர்க்காருக்கு. ஒரே ஒரு ஊட்டுலதான் குடியிருக்காங்களாம். அந்த ஊட்டுக்கு மட்டும் பட்டா. யாரு ஊடு? வெள்ளச்சி ஊடு!

அடிப் பாவி! மெழுகினவளுக்கு ஒண்ணும் இல்ல, மொடங்கிக் கெடந்தவளுக்குப் பட்டாவா? சாம்பல அள்ளினவ அலையறவ, சாம்பல்ல பொரண்டவ குடியிருக்கறவளா? என்ன நாயம் இது? எந்த ஊரு நாயம்?

அந்தச் சடையன் என்ன சொல்றான் தெரியுமா? 'அண்ணி, அடுப்பு எரிஞ்சதப் பாத்துதான் எங்களுக்கு எழுதினான். உங்க அடுப்பெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு, அதான் யாருமில்லன்னு எழுதிட்டான்'ங்கறான். எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. ஏண்டா, சுத்தமா வச்ச ஊட்டப் பாத்து ஆளில்லன்னு நெனைக்க அவன் என்ன பைத்தியமா? கண்ணெதிர்ல இம்மாம் சனம் குந்தியிருக்கோம், ஊரப் பாக்க வந்தவன் மனுசன வுட்டுட்டு சாம்பலையா பாப்பான்? நான் சொல்றேன் கேளு. வெள்ளச்சி அடுப்பப் பாத்துதான் அவனுக்குக் கோவம். 'எனக்கு ஒழிச்சுக் குடுத்த ஊர்ல எனக்கு முன்னால ஒருத்தி தீ மூட்டிட்டாளா'ன்னு கோவிச்சுக்கிட்டுதான் மத்த ஊட்டுல மூட்டாமப் போயிட்டான். அவளுக்குக் குடுத்தது பட்டா இல்ல தம்பி. ஊரக் கெடுத்தவளே, நீயே வச்சுக்கன்னு மூஞ்சியில வீசிட்டுப் போனது.

அதுலேருந்து எங்க பொழப்பு நாறிப் போச்சு. நாங்க சாமை போட்ட சரிவுல இப்போ காப்பிச்செடி வெள்ள வெள்ளையாப் பூக்குது. காட்டுக் கார்டு வரானா, ஊரு சனமே ஆட்ட ஓட்டிக்கிட்டு வெள்ளச்சி வாசலுக்கு ஓடுது. அங்க மட்டும்தான் அவன் கை வைக்கக் கூடாதாம். எல்லாரு ஆட்டையும் கட்டிக்கறா, தழை வேற போடறா, பெரிய மகராசி! என் ஆடு போவாது. மூணு தடவ என் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயி பட்டியில அடைச்சான் கார்டு. அடைக்கட்டும். அவ வாசல்ல போயி நான் நிக்க மாட்டேன்.

எம் புருசன்தான் கீழ போயி, கால்ல வுழுந்து, மனு குடுத்து, மறுவிசாரணைக்கு வழி பண்ணான். இந்தத் தொரையும் யாருமில்லன்னு எழுதிட்டா தை மாசத்துக்குள்ள மலைய வுட்டு எறங்கிடணும்னு தாசில்தாரே சொல்லிட்டானாம். எறங்கி? எங்க போறது? கீழ எவன் ஊட்டு அடுப்ப ஊதறது?

அதனாலதான் இந்தத் தடவ நானே முன்ன நின்னேன். ஒருத்தியையும் நம்பல. விடியறதுக்கு முன்னாடி ஊடு ஊடாப் போயிப் பாத்தேன். போன தடவ செம்மண்ணு ஒரு பூச்சு, இப்போ ரெண்டு பூச்சு. கூரையில தொங்கற சோளக் கதிரக்கூட அவுத்துட்டேன். வெள்ளச்சி ஊட்டுக்கும் போனேன். அடுப்ப மறைச்சுக்கிட்டு நின்னா. 'அக்கா, வேணாங்கா, இத மட்டும் வுட்டுடுக்கா, ஊருக்கே இந்த ஒரு அடுப்புதாங்கா இருக்கு'ன்னு கையப் புடிச்சா. கைய ஒதறிட்டு நானே அள்ளினேன், இந்தக் கையாலயே. நெருப்பு இருந்துச்சு, பாரு, கொப்புளம். அழுதா. அழுவட்டும். இன்னைக்கு எங்க ஊர்ல ஒரு பொட்டுச் சாம்பல் கெடையாது. எந்தத் தொரை வந்து எந்தக் கோலால குத்தினாலும் சரி.

ஏன் தம்பி எழுந்துட்ட? ஏன் மொகம் இப்படிப் போவுது?

என்னது? அடுப்ப மூட்டவா? இப்பவா?

யாருகிட்ட என்ன பேசற? விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியா? என்ன, தொரை அடுப்பத்தான் பாப்பானா? உங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கா? எரிஞ்ச அடுப்பு, அழுக்குப் பானை, கிழிஞ்ச பாயி, இதெல்லாம் இருந்தாத்தான் மனுசன் குடியிருக்கற ஊடா? அப்போ அந்தச் சடையன் சொன்னது... சீ, குந்து! நீயும் அவங்கூடச் சேந்தவன்தானா? அவன்தான் வழியில மடக்கி உனக்குச் சொல்லிக் குடுத்தானா?

கத்தாத. கையப் புடிச்சு இழுக்காத. நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது. சரி, நெசமாவே இருக்கட்டும். அவனுக்குச் சாம்பல்தான் சாட்சின்னே வச்சுக்க. அப்போ எம் மாமியா எதுக்குச் செத்தா? பனியில எதுக்குக் கெடந்தோம்? மரியாதை பண்ணதாலதான் மண்ணு போச்சுன்னு சொல்றியா? ஊரு முன்னால நின்னு நான்தானே எல்லாத்தையும் தொடைக்கச் சொன்னேன். நான்தானே! அப்படி ஒண்ணு இருக்காது. இருக்கக் கூடாது.

ஏய்! வெள்ளச்சி! எங்கடி எழுந்து போற? ஓடையத் தாண்டாத! தொரை இன்னும் வரல! பாத்தியா தம்பி, பாத்தியா அவள? நீ பேசினதக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. ஏண்டி குப்பா, நீயுமா? பானையக் கீழ வைடி! ஐயோ, எல்லாம் எழுந்துட்டாளுங்களே.

போங்க, போங்க. போயி என்ன பண்ணுவீங்க? தீ எங்க இருக்கு? ஊர்ல ஒரு கங்கு இல்ல, நானே தண்ணி ஊத்தி அணைச்சேன். விருந்தாளிக்குன்னு எடுத்து வச்ச சக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் என் மடியில இருக்கு. நீ ஏன் சட்டையத் தடவற? தீப்பெட்டி வச்சிருந்தியா? கூடாரத்துலயே வுட்டுட்டியா? நல்லதாப் போச்சு.

குதிரைச் சத்தமா அது? கீழ் வளைவுலதான் வருது. இன்னும் ரெண்டு ஏத்தம் இருக்கு.

நீ எதுக்கு எழுந்து வர? உன்னத்தான்யா. இத்தன வருசமா வாயத் தொறக்காதவன் இப்போ எதுக்கு என் முன்னால வந்து கைய நீட்டற? ஊர்க்கவுண்டன் நீ. உன் அப்பன் பாளையக்காரனுக்கு ஊர ஒழிச்சுக் குடுத்தவன். நீ தொரைக்கு முன்னாடி ஓடிப்போயி தீ மூட்டப் போறியா? என்னடா சொல்ற? சத்தமாச் சொல்லு, ஊரே கேக்கட்டும்.

'நம்ம ஊட்ட எவனும் திருப்பிக் குடுக்க வேணாம் புள்ள. நாமே எடுத்துக்குவோம்.'

கேட்டியா தம்பி, என்ன பேச்சு பேசறான் பாரு! வெக்கமில்ல? அழுவற வேற. இம்மாம் பெரிய ஆம்பள, ஊரு பொம்பளைங்க எல்லாம் தண்ணியில நின்னு பாக்கறாளுங்க, கைய நீட்டிக்கிட்டு அழுவறான்.

இந்தா! எடுத்துக்கிட்டுத் தொலை! மொதல்ல அந்த வெள்ளச்சி ஊட்டுல மூட்டு, புள்ளைக்காரி. அப்புறம் மத்தவங்களுக்கு. நம்ம ஊட்டுக்குக் கடைசியாப் போனாப் போதும். நின்னுக்கிட்டே இருக்காத, ஓடு! பஞ்சு நனையாம தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடு!

நான் வரல. என்னக் கூப்பிடாதீங்க. தொரைக்கு ஒழிச்சது ஒழிச்சதுதான், ஒருத்தியாவது இந்தக் கரையில இருக்கணும். நான் அந்தப் பக்கம் திரும்பவும் மாட்டேன், பாக்கவும் மாட்டேன்.

நீ பாரு தம்பி. நீ நின்னு பாரு. குதிரை மேட்டுக்கு வந்துடுச்சா? எங்க ஊடு அந்தப் புளியமரத்துக்கு எடதுபக்கம், கூரை கொஞ்சம் சரிஞ்சிருக்கும். பொகை வருதா? சும்மா நிக்கறியே, சொல்லுய்யா, வருதா?